வெள்ளை உடையின் கீழ்மடிப்பு

அன்பான உங்களுக்கு,

கப்பல் துறைமுகத்தில் நின்றபோது நீங்கள் வாங்கி அனுப்பிய வெள்ளை உடை நம் மகளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் அதை உடுத்தவில்லை. சபையார் முன் தங்கள் விசுவாசத்தைச் சொல்லித் திடப்படுத்தல் பெற நின்ற ஒன்பது பிள்ளைகளில் நம் பிள்ளை இல்லை.

முந்தின நாள் ஒத்திகையில் போதகர், "இயேசுவை விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டதற்கு, "இன்னும் தெரியல ஐயா" என்றாளாம். நான் வீட்டில் கத்தித் தீர்த்தேன்.

"எல்லாரும் சொல்றதைச் சொல்லிட்டு வர்றதுக்கு உனக்கு என்னடி வலிக்குது?"

"பொய் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அதுவும் கோயில்ல வச்சா?"

அவள் வயதில் நான் "விசுவாசிக்கிறேன்" என்று உரக்கச் சொன்னேன். புதுச் செருப்பு கடித்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. எனக்கென்று விசுவாசம் வந்தது உங்கள் அறுவை சிகிச்சையன்றுதான். மருத்துவமனைக் குழாயடியில் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனப்பாடம் செய்த ஜெபம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "கூட இருங்கப்பா" என்று மட்டும் ஆண்டவரிடம் சொன்னேன். இருந்தார். இதை உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்று அவளிடம் சொன்னேன். "அப்பா கோபப்படுவாராம்மா?" என்றாள். மாட்டார் என்று உங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். காப்பாற்றிவிடுங்கள்.

உடையைப் பத்திரப்படுத்தும்போது கீழ்மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். அவள் வளர்ந்தால் இறக்கித் தைக்க உள்ளே மூன்று அங்குலம் துணி இருக்கிறது. அவள் அவசரப்பட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்காரி