சுண்டெலியின் கதவு

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. நலமாக இருப்பவர்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. என் மகள் பரீட்சை முடித்துவிட்டுப் பகல் பன்னிரண்டு வரை தூங்குகிறாள். நான் வழக்கம்போலக் கல்லூரி நூலகத்தில் திரும்பி வராத புத்தகங்களுக்கு நினைவூட்டல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதையும் அந்த மேஜையில் வைத்துத்தான் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிக் கைப்பேசியில் எது அனுப்பினாலும் படிக்காமலே அழித்துவிடுவேன் என்றாய். அதனால்தான் காகிதம். இதைக் கிழிப்பதற்குள் கண் நாலு வரியையாவது படித்துவிடும்.

அடுத்த மாதம் அலுவலக வேலையாக நான்கு நாள் வருவதாகவும், விடுதியில் தங்கி என்னை மட்டும் வெளியே எங்காவது பார்ப்பதாகவும் எழுதியிருந்தாய். "அந்த மனுஷன் இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன்" என்ற வரியை மூன்று முறை படித்தேன். அம்மா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அத்தனை மாதமும் நீ அவரை அப்பா என்று சொல்லவில்லை.

நீ அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த புதுக் கார் போன வாரம் கைமாறிவிட்டது. வாங்கியவர் பல் மருத்துவர். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தார். மெத்தையில் தலையணையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இவ்வளவு புது வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். ஓட்ட ஆளில்லை என்றேன். வண்டியில் ஏதாவது குறையா என்றார். ஒரு குறையும் இல்லை என்றேன். அது உண்மைதான். உனக்கும் அதையே சொல்கிறேன். அந்த வண்டியைக் குறை சொல்லாதே, அதை வாங்கிக் கொடுத்த உன்னையும் குறை சொல்லிக்கொள்ளாதே. அந்தப் பாரத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல்தான் நீ அப்பா மேல் இறக்கினாய் என்று நினைக்கிறேன்.

நம் பழைய கார் சுண்டெலி உனக்கு நினைவிருக்கிறதா? சாம்பல் நிறம், மூக்கு மட்டும் நீளம், நாம் நால்வரும் ஏறினால் பின்பக்கம் தரையைத் தொட்டுவிடும். காலடித் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வருவாய். ஹாரனை அடித்தால் கதவு அதிரும், ஹாரன் அடிக்காது. கண்ணாடிகளை எவ்வளவு சுற்றினாலும் மேலே இரண்டு விரல் இடைவெளி நிற்கும்; மழை வந்தால் அம்மா அதில் துணியைத் திணிப்பாள். திட்டிக்கொண்டே ஒரு திருப்புளியால் அப்பா அதை எங்கே நின்றாலும் கிளப்பிவிடுவார். பழையது நல்லது, புதுசு கெட்டது என்று சொல்ல வரவில்லை. சுண்டெலியை ஒரு லாரி லேசாக உரசியிருந்தாலே நாம் நால்வரும் தகரத்தோடு தகரமாகப் போயிருப்போம். ஆனால் அதற்குள் உட்கார்ந்திருப்பதும் தெருவில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான். காற்று வரும், பேச்சு வரும், போகிறவர் வருகிறவர் முகம் தெரியும். அப்பா எங்கே வேலையாகப் போனாலும் அம்மா வண்டியிலேயே இருந்துகொண்டு பீன்ஸ் நறுக்குவாள், ரோட்டில் போகிறவர்களின் குடும்பக் கதையைக் கேட்பாள். இரண்டு மணி நேரம் கழித்து அவர் வந்தாலும், அதற்குள்ளே வந்துவிட்டீர்களா என்பாள்.

அவள் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஐஸ் வண்டி மணி கேட்டு அவசரத்தில் கைப்பிடியைப் பிய்த்தெடுத்தது நீதான். அப்போது உனக்கு எட்டு வயது. பத்து நிமிஷ வேலை, போட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சொன்னார். அப்பா அடுத்த முறை என்பார். அவர் சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொன்னதே அவள்தானாம். "உங்கப்பா எனக்காகச் சுத்தி நடந்து வர்றது இந்த ஒரு கதவுக்குத்தான்டி. அதையும் சரி பண்ணிடாதே" என்று சிரித்தாள். இருபத்தெட்டு வருஷம் அவர் வண்டியை நிறுத்தி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, கதவைத் திறந்து நின்றார். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக இறங்குவாள்.

புது வண்டி வந்த மூன்றாம் நாள் நடந்ததை நான் உனக்குச் சொல்லவே இல்லை.

காய்கறிக் கடைக்குப் போயிருந்தோம். அம்மாவை முன்னால் உட்கார வைத்துவிட்டு, அப்பா சாவியில் இருந்த பொத்தானை அமுக்கிப் பூட்டினார். நாங்கள் தக்காளி பொறுக்குவதற்குள் வண்டி அலறத் தொடங்கியது. புழுக்கம் தாங்காமல் அவள் எதையோ இழுத்திருக்கிறாள். ஓடி வந்து பார்த்தால் சுற்றிலும் கூட்டம், உள்ளே அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் அவளிடம் கத்தினேன். "எதையும் தொடாதம்மா. அப்பா வந்து திறக்கிற வரைக்கும் சும்மா உட்காரு." அவள் சரி என்று தலையாட்டினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அதற்கு ஒன்பதாம் நாள்தான் அவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி வரவேண்டிய வேலை மட்டும்தான். இதோ வந்துவிடுகிறேன் என்று இறங்கியிருக்கிறார். பவர் தவறிப்போய், திரும்பக் கண்ணைச் சோதித்து, லென்ஸை மாற்றித் தரும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். அவர் கவலைப்படவில்லை. அம்மா வண்டியில் இருக்கிறாள் என்றால் அவருக்கு அவள் வீட்டில் இருக்கிற மாதிரி. நிழல் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தார். நிழல் நகர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடாமல் அந்த வண்டியின் ஜன்னல் கண்ணாடி இறங்காது. கறுப்புக் கண்ணாடி, கிட்டே வந்து பார்த்தால் தவிர உள்ளே ஆள் இருப்பதும் தெரியாது.

வெயிலும் அவளுடைய பலவீனமான இதயமும் சேர்ந்து என்று மருத்துவர் சொன்னது உனக்குத் தெரியும். கடை வாட்ச்மேன் சொன்னது தெரியாது. அப்பா வந்து, வண்டியைச் சுற்றிப் போய், அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, அவள் இறங்குவதற்காக நின்றாராம். ரொம்ப நேரம் நின்றாராம். வாட்ச்மேன்தான் சந்தேகப்பட்டுக் கிட்டே போயிருக்கிறார்.

அவள் இரண்டு கைகளையும் மடியில் இருந்த பையின் மேல் மடித்து வைத்திருந்தாள். கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால் திறக்கும் வண்டி. ஹாரன் கை நீட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எதையும் தொடவில்லை, சின்னவனே. நான் சொன்னபடி உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவுக்குக் கதவு திறக்கத் தெரியுமா என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "நான் சொல்லிக் குடுக்கலை. தப்பு என்னோடது." என் பக்கம் திரும்பவே இல்லை. உன்னிடம் தொலைபேசியிலும் அதையேதான் சொன்னார். நீ கத்தியது அறை முழுக்கக் கேட்டது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தப் பதினோரு மாதத்தில் எத்தனையோ நாள் அவருக்குத் தட்டு வைக்கும்போது பேச்சைத் தொடங்கிப் பார்த்தேன். தண்ணீர் கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்.

இப்போது அவருடைய சட்டைக்குள் இன்னொரு ஆள் புகலாம், அப்படி இளைத்துவிட்டார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு நோய் எதுவும் இல்லை, சாப்பிடத்தான் மனசில்லை என்கிறார். இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

போன மாதம் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். புது வண்டி வந்தபோது அவரிடம் தள்ளிவிட்ட சுண்டெலியை உடைத்து விற்க மனம் வராமல் இன்னும் அவர் ஷெட்டின் ஓரத்தில்தான் வைத்திருக்கிறார். "பெரியவர் தினம் சாயங்காலம் நடந்தே வர்றாரும்மா. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துட்டு அஞ்சு நிமிஷம் நிக்கிறார். அப்புறம் சாத்திட்டுப் போயிடறார். கைப்பிடி போட்டுடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டார்" என்றார். மறுநாள் நானும் போய் ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கும் மேலேயே நின்றார். ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோபம் யார் மேல் இருக்க வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் வரவேண்டாம், நான் புரிந்துகொள்வேன். ஆனால் அந்த நான்கு நாளில் ஒரு சாயங்காலம், ஐந்து மணிக்குள், மெக்கானிக் ஷெட்டுக்குப் போ. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுண்டெலியில் அம்மா இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள். முழங்கால் இடிக்கும், பொறுத்துக்கொள். என்ன பேசுவது என்று யோசிக்காதே. உள்ளேயிருந்து அது திறக்காது. அப்பா வந்து திறக்கும் வரைக்கும் உட்கார்ந்திரு.

உடம்பைப் பார்த்துக்கொள். பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா