கவினுக்கு சோஹாரிலிருந்து வந்த பதில்

என் அருமை ரஹிமாவுக்கு,

நம் பள்ளியில் தமிழ் வகுப்பு அடுத்த ஆண்டும் உண்டு. இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

நீ போன பிறகு நம் வகுப்பு வலைப்பூவை நான் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் டீச்சரான நீ பக்கத்தில் இருந்தால்தான் இந்தத் தமிழ் டீச்சருக்கு மவுஸ் நகரும் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்களே. "வாட்ஸப்புல பக்கம் பக்கமா டைப் பண்ணுறியே புள்ள, இங்க மட்டும் வராதாக்கும்?" என்று நீ கேட்டது மட்டும் காதிலேயே இருந்தது.

அப்போதுதான் பிரின்சிபால் கூப்பிட்டார். தமிழ் எடுக்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். வகுப்பு ஏன் வேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும், இல்லையென்றால் மூடிவிடுவார்கள் என்றார். அன்று உன்னை எவ்வளவு தேடினேன் தெரியுமா?

மறுநாள் பிள்ளைகளைக் கணினி அறைக்கு அழைத்துப்போய், வீட்டில் பேசுகிற மாதிரியே ஏதாவது எழுதுங்கள் என்றேன். கவினை நினைவிருக்கிறதா? தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வானே, அவன்தான். அவன் அப்பாவுக்கு இப்போது ஓமானில், சோஹார் துறைமுகத்தில் வேலை. அம்மா இங்கே பஹ்ரைனில் நர்ஸ் என்பதால் அம்மாவும் மகனும் மனாமாவிலேயே இருக்கிறார்கள். அவன் எழுதியது இது:

"அப்பா டெய்லி போன் பண்ணுவார். சாப்டியா கேப்பார். சாப்டேன் சொல்வேன். அப்றம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இருக்காது."

திருத்தக் கை துடித்தது. நீ இருந்தால் திருத்த விட்டிருப்பாயா? அப்படியே வலைப்பூவில் ஏற்றி, பெற்றோருக்கும் இணைப்பை அனுப்பினேன்.

அடுத்த வகுப்பில் திறந்தால், கீழே அவன் அப்பாவின் பதில். "கவின், டூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போது படிச்சேன். பேச நிறைய இருக்குடா. நீ களைச்சிருப்பேன்னு நெனச்சு வெச்சிடுவேன். நீ எழுது, அப்பாவும் எழுதுறேன்."

கவின் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, களைச்சிருப்பே என்றால் என்ன மிஸ் என்று கேட்டான். டயர்டா இருப்பே என்று அர்த்தம் என்றேன்.

"நோ மிஸ். நான் டயர்டே இல்ல."

அதையே தமிழில் டைப் செய்து அனுப்பினான். இன்றுவரை இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மற்ற பெற்றோரும் எழுதுகிறார்கள்.

ஸ்லைடு செய்வதற்குள் நான் பட்ட பாடு! படம் ஓர் ஓரம் ஓடும், எழுத்து ஓர் ஓரம் ஓடும். எப்படியோ முடித்தேன். கவின் வீட்டில் அனுமதி வாங்கி, அப்பாவும் மகனும் எழுதியதைப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் பொருள் கொடுத்தேன். குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த அப்பா இன்னும் எழுதுகிறாரா என்று மட்டும் கேட்டார். இன்று காலைகூட எழுதினார் என்றேன்.

வகுப்பு தொடரட்டும் என்று முடிவாகிவிட்டது. இந்தி டீச்சருக்கும் மலையாளம் டீச்சருக்கும் வலைப்பூ தொடங்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரை? என்னை! நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஏப்ரலில் உன் மகள் சுமையா என் வகுப்புக்கு வருகிறாள். தமிழ்தான் எடுப்பேன் என்று அவளாகவே சொன்னாளாம். அவளுக்கும் ஒரு பக்கம் திறந்து வைப்பேன். தாயை இழந்த பிள்ளையிடம் உம்மாவைப் பற்றி எழுது என்று ஒருநாளும் வற்புறுத்த மாட்டேன். அவளாக எழுதினால், முதல் பதில் என்னுடையதாக இருக்கும். அவள் கேட்கக் கேட்க உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பேன் ரஹிமா.

உன் மகள் சாச்சி என்றழைக்கும் சித்தி,
கல்யாணி
குதைபியா