மே பதினேழு வாக்கெடுப்பில் வராதவர்கள்

வைல்டர்ஸ்கோம்ப்,
ஷ்ராப்ஷயர்.
4 அக்டோபர் 2015

அன்புள்ள எட்னா,

நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் எண்பத்து மூன்று வயதில் அதையே நலம் என்று எழுதிவிடலாம். ஹோபார்ட்டில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும். உங்கள் மகள் பெரலும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே ஆப்பிள் பறித்து முடித்தாயிற்று. ஆடுகளை மருமகன் பார்த்துக்கொள்கிறான். என் யோசனையைக் கேட்கிறான், கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்கிறான். பாராளுமன்றத்தில் இருபத்து மூன்று வருடம் இருந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டையில் நான்கு வரி எழுதுவதோடு சரி. இது நீளமான கடிதம். பாதியில் உங்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் முடியும் வரை படியுங்கள்.

நம் காலத்து வாக்கெடுப்புகளை எல்லாம் இப்போது இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். எம்.பி.யின் பெயரைத் தட்டினால் போதும். எந்தத் தேதியில் எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை நாள் வரவில்லை, எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. என் மனைவி ரோசலிண்டுக்கு இது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. காலையில் குறுக்கெழுத்துப் புதிரை முடித்ததும் என் பெயரைத் தட்டுவாள். “நாய் வளர்க்க உரிமம் வேணுங்கறதுக்கு எதிரா ஓட்டு போட்டிருக்கே. அந்த வருஷம் நம்ம நாய்க்கு உரிமம் வாங்கலைன்னு என்னைத் திட்டினது யாரு?” என்று கேட்பாள்.

உங்கள் பெயரையும் தட்டிப் பார்த்தோம். ஐந்து வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அதில் முக்கால்வாசி மீன்பிடிப் படகுகளைப் பற்றியவை. ஒரே கேள்வியை ஏழு அமைச்சர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க நீங்கள் எழுந்து நிற்கும் விதம் கண்முன் வந்தது. பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலைப் பக்கத்து எம்.பி.யின் மடியில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள். அமைச்சர் பதில் சொல்லி உட்காருவதற்குள் அந்த நூல் மறுபடி உங்கள் கைக்கு வந்துவிடும்.

நாம் ஜோடி சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? தேநீர் அறையில் வரிசையில் நின்றிருந்தோம். தட்டில் கடைசியாக இருந்த வெண்ணெய் பன்னை நான் எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “என்னய்யா ஆட்டுக்காரரே, இருக்கறதையெல்லாம் உங்க கட்சியே தின்னு தீர்த்துடுமா?” திரும்பினால் நீங்கள். பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டே, “உங்களுக்கு ஜோடி யாராவது இருக்காங்களா?” என்று கேட்டீர்கள். எனக்குப் புரையேறிவிட்டது. “கல்யாணத்துக்குக் கேக்கலை, ஓட்டுக்குக் கேக்கறேன். உங்களால வரமுடியாத அன்னிக்கு நானும் ஓட்டு போடமாட்டேன். என்னால முடியாத அன்னிக்கு நீங்களும் போடக்கூடாது. எதிரெதிர் கட்சி, ரெண்டு ஓட்டும் கழிஞ்சுபோகும். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். மீறினீங்கன்னா உங்க மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்” என்றீர்கள்.

ஐந்து வருடத்தில் நாம் ஒருமுறைகூட மீறவில்லை. உங்கள் பெரலுக்குப் பிரசவம் ஆனபோது நான் மூன்று நாள் வெளியே இருந்தேன். என் ஆட்டுச் சந்தைக்காக நீங்கள் இருந்தீர்கள். எங்கள் கொறடாவுக்கு உங்களைக் கண்டால் ஆகாது. ஆனாலும், “அந்தம்மா ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அப்படியும் ஒரு காலம் இருந்தது. சபையில் உங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்து ஒரே குடையில் ரயில் நிலையத்துக்கு நடந்திருக்கிறேன். எனக்கு இப்போது அந்தக் கட்டடம் கனவில் வருவதில்லை. அந்த நடைதான் வருகிறது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ரோசலிண்ட் 1977 மே பதினேழாம் தேதியைத் தட்டியிருக்கிறாள். அவளுக்கு மறக்க முடியாத தேதி அது. நான் அடுப்பில் முட்டை வைத்திருந்தேன். “ஜெர்வேஸ், அன்னிக்கு ஓட்டு போடாதவங்க பட்டியல்ல உன் பேர் இருக்கு. அது எனக்குத் தெரியும். உனக்குக் கீழே எட்னா கார்த்வெயிட்னு போட்டிருக்கே. இது அவங்க கொண்டுவந்த சட்டப் பிரிவாச்சே. அவங்க ஏன் போடலை?” என்று கேட்டாள்.

கருகிய முட்டையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். அப்புறம் சொன்னேன், எட்னா. அவளிடம் சொல்லமாட்டேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன்.

அந்த நாளை அவளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. எழுபத்தைந்தில் ‘ஆர்க்டிக் ப்ளோவர்’ படகு உங்கள் ஸ்கார்த்பி ஊர்க்காரர்கள் பத்தொன்பது பேரோடு மூழ்கியதையும், படகு பேச்சில்லாமல் போய் ஐந்து நாள் கழித்துத்தான் தேடவே ஆரம்பித்தார்கள் என்பதையும் சொன்னேன். ஒவ்வொரு படகும் தினம் ஒருமுறை கரைக்கு வானொலியில் பேசியாக வேண்டும், பேசாவிட்டால் மறுநாளே தேட வேண்டும் என்று ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்க்க இரண்டு வருடம் நீங்கள் பட்ட பாட்டைச் சொன்னேன். அன்று அந்த வாக்கெடுப்பைப் பார்க்க உங்கள் ஊரிலிருந்து பதினான்கு விதவைகள் பேருந்தில் வந்து, பார்வையாளர் மாடத்தில் தொப்பியும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கட்சி அந்தப் பிரிவை எதிர்த்தது. நானும் எதிர்த்துத்தான் போட்டிருப்பேன். அதையும் மறைக்கவில்லை.

நான்கு மணிக்குக் காவலர் ஒருவர் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு வாரக் குழந்தையைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ரோசலிண்ட் தன் உயிரை விட முயன்றிருந்தாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று தகவல். ஏழு மணிக்கு வாக்கெடுப்பு. ஊருக்கு ரயில் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னால். அந்த நீளமான தாழ்வாரத்தில் அந்தப் பெண்களுக்கு வழிகாட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். உங்களைத் தனியே கூப்பிட்டேன். “நான் போகணும்” என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். அப்புறம் ஒருமுறை அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தீர்கள். “போங்க பெட்டிஃபர். நின்னுக்கிட்டிருந்தா ரயில் போயிடும்” என்றீர்கள். காரணம் கேட்கவில்லை.

“இன்று நம் ஜோடி வேண்டாம், நீங்கள் போய் ஓட்டுப் போடுங்கள்” என்று நான் சொல்லியிருக்கலாம். பதறிப்போனவனுக்கு அது தோன்றவில்லை என்று முப்பத்தெட்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். ரயிலில் ஏறி உட்கார்ந்ததுமே தோன்றியது. முதல் நிலையத்தில் இறங்கித் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அடுத்த ரயில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் என்பதால் இறங்கவில்லை.

ஓட்டு இருபுறமும் சமமாக விழுந்தது. சபாநாயகர் வழக்கப்படி, இருக்கிற சட்டமே இருக்கட்டும் என்று தன் ஓட்டைப் போட்டார். பிரிவு தோற்றது. நீங்கள் ஒருவர் உள்ளே போய் ஓட்டுப் போட்டிருந்தால் ஜெயித்திருக்கும். உங்கள் கொறடா உங்களைப் பிடித்துக் கத்தியதை எல்லாரும் பார்த்தார்களாம். கீழே அந்தப் பெண்கள் வந்து ஏன் என்று கேட்டபோது, “என்னால முடியலை” என்று மட்டும் சொன்னீர்களாம். அவர்களில் டோரீன் ஸ்ப்ராக்ஸ்டன் அதற்குப் பிறகு உங்களோடு பேசவே இல்லை.

ஒரு மாதம் கழித்து நான் காரணத்தைச் சொன்னேன். பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றும் சொன்னேன். நீங்கள் அடித்துப் பேசினீர்கள்: “அவங்க பேரு பேப்பர்ல வந்துச்சுன்னா நான் உங்களைச் சும்மா விடமாட்டேன். அவங்களுக்கும் இது தெரியக்கூடாது. மொதல்ல அவங்க எழுந்து நடக்கட்டும்.” அடுத்த வருடமே அந்தப் பிரிவு வேறொரு மசோதாவில் நிறைவேறிவிட்டது. நடுவில் எந்தப் படகும் போகவில்லை என்பது கடவுளின் கருணை. ஆனால் எழுபத்தொன்பது தேர்தலில் எங்கள் கட்சி ஆள் உங்களுக்கு எதிராக ஊர் முழுக்க ஒரு நோட்டீஸ் கொடுத்தான்: ‘மே பதினேழாம் தேதி எட்னா எங்கே?’ இருநூற்றுப் பதினொரு ஓட்டில் தோற்றீர்கள். அந்த நோட்டீஸ் என் மேஜைக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட ரோசலிண்ட் முதலில் அழுதாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “முப்பத்தெட்டு வருஷமா எனக்காக ஒருத்தி ஊர்ப்பழியைச் சுமந்துக்கிட்டு இருக்கா. அவ முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நான் நொறுங்கிடுவேன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க. என்னை யாரு கேட்டீங்க?” என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஸ்கார்த்பி போக வேண்டும் என்று காரைக் கழுவச் சொன்னாள்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஸ்கார்த்பி போனோம். மீனவர் கூடத்தில் அந்தப் பெண்கள் மாதம் ஒருமுறை தேநீருக்குக் கூடுகிறார்கள். பதினான்கு பேரில் இப்போது மிச்சம் மூன்று பேர். மற்றபடி பிள்ளைகள், தம்பி தங்கைகள் என்று இருபது பேர் இருந்திருப்பார்கள். துறைமுகத்தில் இப்போது உல்லாசப் படகுகள்தான் நிற்கின்றன. மீன் வறுக்கும் கடைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நான் பேச எழுந்தேன். ரோசலிண்ட் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அவளுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமே இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, “அன்னிக்கு எட்னா ஏன் ஓட்டு போடலைன்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்குக் காரணம் நான்தான்” என்று ஆரம்பித்தாள். எதையும் விடவில்லை. ஆஸ்பத்திரியையும் சொன்னாள், குழந்தையையும் சொன்னாள்.

டோரீனின் மைத்துனர் வால்டர் என்பவர் எழுந்தார். “எல்லாம் சரிம்மா. என் அண்ணன் கடல்ல கெடக்கறான். ஒரு ஓட்டுன்னா ஒரு ஓட்டுதான். அவங்க போட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

டோரீன் கோப்பையைக் கீழே வைத்தார். அப்புறம், “மாடத்துல உக்காந்து நாங்க ஒவ்வொரு தலையா எண்ணுனோம். ஒண்ணு கொறஞ்சுது. அது எங்காளுன்னு தெரிஞ்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது” என்றார். “எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? புருஷனைப் பறிகொடுத்த பதினாலு பேரு. இது எங்களுக்கா புரியாது?” என்று கேட்டார். அவர் நாற்காலியை ரோசலிண்ட் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஏம்மா, குழந்தைக்கு என்ன பேரு வெச்சிருந்தே?” என்றார்.

எட்னா, இத்தனை வருடத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நானும்கூட அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. “ஹெஸ்டர்” என்றாள். டோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது டோரீன் உங்கள் முகவரியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தது தப்புதான், திட்டுங்கள். நம் பேச்சை உடைத்ததற்கும் சேர்த்துத் திட்டுங்கள். நேரில் வந்து திட்டினால் இன்னும் நல்லது. ரோசலிண்டின் இருதயம் பழையபடி இல்லை. டாக்டர் படியேறக் கூடாது என்கிறார். அவள் கேட்பதில்லை, கீழ் அறையில் உங்களுக்குக் கட்டில் போடச் சொல்லியிருக்கிறாள். இந்த இலையுதிர் காலத்துக்குள்ளேயே வந்தால் நல்லது என்கிறாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

வர முடியாது என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஸ்கார்த்பி முத்திரையோடு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிடுகிறீர்கள் என்று பெரல் ஒருமுறை எழுதியிருந்தாள். டோரீனின் கடிதம் என் கடிதத்துக்கு முன்னாலேயே வந்திருக்கலாம். அதில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நல்லதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படியிருந்தாலும் பிரித்துப் படியுங்கள், எட்னா. நீங்கள் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் இரண்டு பேர் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் நன்றியுள்ள,
ஜெர்வேஸ் பெட்டிஃபர்