கேரியர் இல்லாத சைக்கிள்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்த ஊர் மில்லில் இயந்திரம் பூட்டும் வேலை பாதி முடிந்தது. மாதக் கடைசி சனி, ஞாயிறு எங்கள் குழுவில் எல்லோரும் மலையில் சைக்கிள் ஓட்டப் போகிறோம். வாடகைக் கடையில் பழக்கதோஷத்தில் கேரியர் வைத்த சைக்கிள் கேட்டுவிட்டேன். "மலைமேல யாரை ஏத்திட்டுப் போகப் போறீங்க மேடம்?" என்று கூட வந்த ஃபிட்டர் சிரித்தார்.

நேற்று ஓட்டிப் பழகினேன். முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கிச் சாய்ந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். கல்யாணமான புதிதில் என்னைப் பின்னால் வைத்துத் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மிதிப்பீர்களே! "இறங்கிக்கட்டுமா?" என்றால், "நீ என்ன கனமா கனக்கிற? பேசாம உக்காரு" என்பீர்கள். அது எவ்வளவு பெரிய பொய் என்று நேற்றுதான் தெரிந்தது.

குளிருக்கு உங்கள் முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்களவள்