முழங்கால் மடங்கிய பிறகு

என் பாசமுள்ள அண்ணா,

நம் ஊர் கான் தெ மாஸ்க்கில் கரும்பு பூத்துவிட்டது. நம் துண்டு நிலத்திலும் இந்த வருஷம் நல்ல விளைச்சல். ஆனால் நான் சொல்ல வந்தது உன் மகன் முருகேசனைப் பற்றி.

கரும்பு வண்டி கவிழ்ந்து உன் முழங்கால் உடைந்ததே, அந்த நாட்களை மறந்திருக்கமாட்டாய். ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது கால் மடங்கவே இல்லை. “தினமும் மடக்க வேண்டும். வலிக்கும். விட்டால் இப்படியே இறுகிவிடும்” என்றார் டாக்டர். அண்ணி வயலுக்குப் போய்விடுவார். மடக்கும் வேலை எனக்கு வந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தேய்த்து, குதிகாலைப் பிடித்துத் தள்ளுவேன். நீ துண்டைக் கடித்துக்கொள்வாய்.

“ஆரெத்தே, நிறுத்து, செல்லம். உயிர் போவுது” என்பாய்.

“இன்னும் கொஞ்சம்ணா. கரும்பு வெட்டு வருது, நீ நடக்க வேணாமா?”

ஒரு நாள் முன்கூட்டியே ரம் குடித்துவிட்டு வந்து படுத்தாய். அன்று நீ கத்தவில்லை. கால் நன்றாக மடங்கியது. வீடே சந்தோஷப்பட்டது. பிறகு மடக்காத வேளையிலும் குடித்தாய். நடக்கத் தொடங்கிய பின்னும் விடவில்லை. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, அடுத்த வெட்டுக்கு நீ இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது முழங்காலில் ஒரு குறையும் இல்லை, அண்ணா.

இப்போது முருகேசனைக் கோவேறு கழுதை உதைத்துத் தோள் விலகிவிட்டது. எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். இனி சுவரோரம் நின்று கையை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும். முழங்கையைத் தாங்கிப் பிடிப்பது நான்தான். அவனுக்கு வியர்த்துக் கொட்டும்.

“அத்தே, அப்பா எதைக் குடிச்சு வலியத் தாங்குனாரு?” என்று நேற்றுக் கேட்டான்.

“ஒனக்கு யாரு சொன்னது?”

“ஊரே சொல்லுது. எனக்கும் கொஞ்சம் குடுங்க.”

நான் கொடுக்கவில்லை. அவன் எழுந்து போனான்.

இன்று காலை கூப்பிடாமலே வந்து சுவரோரம் நின்றான். முகம் சுளிக்காமல் கையைத் தலைக்கு மேல் தூக்கினான். “பாத்தீங்களா அத்தே, வலியே இல்ல” என்று சிரித்தான். அவன் பெண்டாட்டிக்கு ஆனந்தம். கிட்டே போனேன். அந்த வாடை எனக்குத் தெரியாதா?

கையைத் தொடாமல் உள்ளே வந்துவிட்டேன். நான் சொன்னால் அவன் கேட்பானா, அண்ணா? நீ கேட்டாயா?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். குடித்துவிட்டு வந்தால் அவன் கையைத் தொடமாட்டேன். தோள் இறுகினால் இறுகட்டும். ஒரு கை முடங்கியவனாகவாவது உன் பிள்ளை எனக்குக் கொள்ளி வைக்கட்டும். அவனுக்கு நான் அழக் கூடாது.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லம்