முகத்துவாரம் இடம் மாறிவிட்டது

அன்புள்ள ரப்பருக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. இதை உனக்குப் படித்துக் காட்டப்போகிற உன் வீட்டுக்காரருக்கும் வணக்கம். அண்ணே, லிஃப்ட் ரிப்பேர் ரசீதைப் படிப்பதுபோல ஒரே மூச்சில் படித்துத் தள்ளாமல், நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். உங்களைப் பற்றி ஏதாவது வந்தால் முழுங்கிவிடாதீர்கள்.

போனில் பேசியிருக்கலாம். நீ எடுத்தால்தானே? கடைசியாக எடுத்த அன்று, "அந்தக் கடலோரப் பூங்காவுக்கு வந்து நான் என்னத்தப் பாக்கப் போறேன்? நீ போயிட்டு வா" என்று சொல்லிப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கடிதம். பாதியில் கட் பண்ணினாலும் மீதி அங்கேயே கிடக்கும்.

ஆபீஸில் உன் மேசைமேல் ஒரு பெரிய பிரிண்டரை வைத்துவிட்டார்கள். அது தாளைத் துப்பும்போதெல்லாம் மேசை ஆடுகிறது. புதிதாக வந்திருக்கும் பெண்கள் எல்லோரும் திரையிலேயே வரைகிறார்கள். தப்பு வந்தால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், பழையபடி ஆகிவிடுகிறது. கையால் வரைபடம் வரைந்த காலத்தில் அழிப்பானையே தொடாத ஒருத்தி இங்கே இருந்தாள், அதனாலேயே அவளுக்கு ரப்பர் என்று பெயர் வைத்தோம் என்று சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. எனக்கு ஏன் மசி என்று பெயர் வந்தது என்று சொன்னதை மட்டும் உடனே நம்பினார்கள். நேற்றுகூட ஒருவருடைய சட்டையில் டீயைக் கொட்டினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நான் மட்டும் அந்தப் பூங்காவுக்குப் போய் வந்தேன். நீ வரமாட்டேன் என்றால் விட்டுவிடுகிற ஆளா நான்? அந்தக் கரை முழுக்க நீ வரைந்தது. ஜன்னல் இல்லாத அறையில், உன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப்பெயர்களை எழுதியவள் நான். ரிட்டயர் ஆனதும் போகலாம், போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அதற்குள் உன் கண் நரம்பு முந்திக்கொண்டது. எனக்கும் புது இடம். ஒத்திகை பார்க்காமல் உன்னைக் கூட்டிப்போகத் துணிச்சல் இல்லை. அதுதான் போனேன்.

பஸ் வாசல்வரை போவதில்லை. கடைசிக் கொஞ்ச தூரம் ஜல்லி போட்ட பாதை, செருப்பு சரிப்படாது, ஷூ வேண்டும். உள்ளே அலையாத்திக் காட்டுக்கு நடுவே பலகை அடித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதற்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான், போகும்போது இடக்கைப் பக்கம். நடுவில் சில பலகைகள் ஆடுகின்றன. தண்ணீர் இறங்கியிருந்த நேரம் அது. சேறு முழுக்க டிக் டிக் என்று ஏதோ சொடுக்குப் போடுவதுபோலச் சத்தம். என்னவென்று கேட்டேன், சின்ன இறால் வகையாம். பலகை முடிந்ததும் மணல். அதைத் தாண்டினால் பறவைகள் கூடு கட்டுகிற பாறை. பாறை கண்ணில் படுவதற்கு வெகு முன்பே மூக்குக்கு வந்துவிடுகிறது. தங்குவதற்கு ஓர் அறை உண்டு. இரண்டு கட்டில், குளியலறைக்குள் ஒரு படி இறக்கம், சுடுதண்ணீர் வர வேண்டிய குழாயில் பச்சைத் தண்ணீர் வருகிறது.

இன்னொன்றும் செய்தேன். உனக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பலகையில் நடந்தேன். முட்டியை இடித்துக்கொண்டு உடனே திறந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. வாசலில் நீ வரைந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பலகையில் மாட்டியிருக்கிறார்கள். சேற்றுக்கு நீ வைத்த புள்ளிகூட அப்படியே இருக்கிறது. அதன் முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டு, காவலுக்கு இருந்த அம்மாவிடம், "இத வரஞ்சது என் ஃப்ரெண்டு" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று, "அப்ப அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. முகத்துவாரத்தத் தப்பாப் போட்டிருக்காங்க. பாறைக்குத் தெற்குப் பக்கம்னு படத்துல இருக்கு. ஆறு வடக்கால்ல போய்க் கடல்ல விழுது? இதப் பாத்துட்டுப் போறவங்க எல்லாம் சேத்துல சுத்திட்டு வந்து என்னத் திட்டுறாங்க" என்று சொல்லிவிட்டார். அவள் தப்பே செய்யமாட்டாள் என்று வாதாடினேன். பிறகு போய்ப் பார்த்தேன். ஆறு வடக்கில்தான் இருக்கிறது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

மழை விட்டதும் போகலாம். எந்த வாரம் காலையில் தண்ணீர் இறங்கும் என்று கேட்டுக் குறித்து வந்திருக்கிறேன். இரண்டு கட்டிலையும் நம் பெயருக்குச் சொல்லிவிட்டும் வந்தேன். இன்னொரு கட்டில் காலியாகக் கிடக்க, நான் மட்டும் அங்கே என்ன செய்வேன்? வா.

என்றும் உன்,
மசி

* * *

மசிக்கு,

அன்புள்ள என்று போடலாமே என்கிறார், எனக்காக எழுதிக்கொண்டிருக்கும் இவர். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் படத்தில் தப்பா? சர்வேயர்கள் கொண்டுவந்த அளவுகளை நான் மூன்று தரம் சரிபார்த்துத்தான் மசியே தொட்டேன். பக்கத்தில் நீயும்தானே இருந்தாய்? முகத்துவாரம் பாறைக்குத் தெற்கேதான் இருந்தது. இப்போது வடக்கே இருக்கிறது என்றால் ஆறு இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம், நான் தப்பு செய்தேன் என்று அல்ல. தெற்கே மணல் அடைத்திருக்கும். அப்படி அடைத்திருந்தால் பழைய வாய் இருந்த இடத்தில் ஒரு குட்டை தேங்கியிருக்க வேண்டும். இருக்கிறதா? நீ அங்கே போய் நின்றாயே, அதைப் பார்க்கத் தோன்றவில்லையா? அந்தக் காவல்கார அம்மாவுக்காவது தோன்றியதா? ஆறு நகர்ந்ததற்கு என்னைக் குற்றம் சொல்கிறார்கள். நன்றாக இருக்கிறது!

என்னை உசுப்பிவிடத்தான் நீ இதை எழுதினாய் என்று இவர் சொல்கிறார். உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்று நான் சொன்னேன்.

நான் வருகிறேன். குட்டை இருக்கிறதா என்று நானே நடந்து பார்த்துக்கொள்கிறேன். அடைத்த மணல் காலடியில் வேறு மாதிரி இருக்கும், பழைய மணல் வேறு மாதிரி இருக்கும். தண்ணீரை நாக்கில் வைத்தால் கடலா ஆறா என்று தெரிந்துவிடும். அந்த அம்மாவை அன்றைக்கு லீவு போடாமல் இருக்கச் சொல்.

ஆனால் சில நிபந்தனைகள். நீ என் கையைப் பிடிக்காதே, நான் உன் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். நான் கேட்காமல் எதையும் வர்ணிக்காதே. உன் வர்ணனையில் எல்லாமே 'சூப்பர்' என்று முடியும். கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன் என்ற கதையை இனி யாரிடமும் சொல்லாதே. நீ இடித்ததும் திறந்துவிட்டாய். இங்கே எதை இடித்தாலும் அப்படியேதான் இருக்கிறது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் முட்டி சரியாகிவிட்டதா?

இன்னொன்று. உன் போனை நான் எடுக்காததற்குக் காரணம் நீ இல்லை. இந்த வீட்டில் எங்கே திரும்பினாலும், முன்னால் பார்த்தது ஞாபகம் வந்து குறுக்கே நிற்கிறது. ஜன்னல் பக்கம் போனால் எதிர்வீட்டு மாடி இல்லாமல் போகிறது, கண்ணாடி முன்னால் போனால் நான் இல்லாமல் போகிறேன். தினமும் ஒவ்வொன்றாகத் தொலைக்கிறேன். நீ பூங்கா என்றதும், தொலைப்பதற்கு இன்னும் ஓர் இடமா என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தக் கடிதத்தைக் கேட்ட பிறகுதான் வேறு மாதிரி தோன்றியது. அங்கே நான் எதையுமே பார்த்ததில்லையே. தொலைக்க என்ன இருக்கிறது? அங்கே கிடைப்பது எதுவானாலும் புதிதாக வந்து சேர்வதுதான்.

ஷூ இருக்கிறது. அளவு நாடா நீ எடுத்து வா. சேற்றில் விழுந்தால் இரண்டு பேரும் விழுவோம், மாற்றுத்துணி அதற்கேற்ப.

ரப்பர்

* * *

தங்கச்சி,

இதற்குக் கீழே நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. கடிதத்தை ஒட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களையில் நின்று எழுதுகிறேன்.

கண் போன நாளிலிருந்து அவள் என்னிடம் விருந்தாளி மாதிரித்தான் பேசினாள். "சரிங்க", "பரவாயில்லங்க", "நன்றிங்க". கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கு அவள் நன்றி சொன்னதே கிடையாது. இப்போது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூடச் சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோன மாதிரி இருக்கும் எனக்கு. உள்ளே ஆள் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. என் தொழிலில் அதற்குச் சாவி உண்டு. இங்கே எதைத் திருப்புவது என்று தெரியாமல்தான் இருந்தேன்.

உங்கள் கடிதத்தில் முகத்துவாரம் வந்த இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு மேசையில் ஓங்கி ஒரு தட்டு. உங்களைத் திட்டினாள், அந்தக் காவல்கார அம்மாவைத் திட்டினாள், கடைசியில் "தெற்கு எது வடக்கு எதுன்னுகூடத் தெரியாம என்னய்யா படிக்கிறே?" என்று என்னையும் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பிக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது என்றாலும் திரும்பிக்கொண்டேன்.

இன்று காலையிலிருந்து ஷூவைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறாள். நான் வர வேண்டாமாம், நீங்கள் இரண்டு பேர் மட்டும்தானாம். வருத்தமில்லை. நீங்கள் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள். எப்போது நெருங்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

மழை விடுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அவள் வரைந்ததில் வேறு ஏதாவது தப்பு உங்கள் கண்ணில் பட்டிருந்தால், தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.

தப்பு இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அண்ணன்