ஜான்கியின் விண்ணப்பத்தில் நீ எழுதிய பொய்

ட்ராசா, லௌடோக்கா
14 செப்டம்பர் 1958, ஞாயிறு

அன்பு மகன் சுரேந்திராவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை ஜான்கியும் உடம்பளவில் சுகம். சுவாவில் நீயும் மருமகள் சுஷீலாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில்தான் விளக்கேற்றிக் கும்பிட்டேன். கும்பிட்டு எழுந்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் கோபம் அடங்கவில்லை. இந்தக் கடிதத்தைச் சுஷீலாவிடம் படிக்கக் கொடுக்காதே, ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, அவள் மனம் கலங்க வேண்டாம். தமிழ் மறந்துவிட்டது என்று சாக்கும் சொல்லாதே. நம் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளியில் நீ ஐந்து வருஷம் படித்தாய், நான் உன்னைப் பெற்ற பிறகு அதே பள்ளியில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுதக் கற்றுக்கொண்டவள். புரியாத இடத்தில் வாய்விட்டுப் படி, என் குரல் உனக்குக் கேட்கும்.

ஊர் சேதி இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கரும்பு வெட்டு நம் வயலுக்கு வந்து நாலு நாள் ஆகிறது, அப்பா முதுகுவலியோடு வெட்டுகிறார், சொன்னால் கேட்பதில்லை. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை ஹெட்மாஸ்டர் என்னையும் அப்பாவையும் பள்ளிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போனோம். டாக்டர் படிப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஜான்கியின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மார்க் குறைவென்று இல்லை. பொய் எழுதியிருக்கிறாள் என்று. ஹெட்மாஸ்டர் இந்தியில் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் காது அடைத்துப் போயிற்று. ஜான்கி பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். எழுதினது நீதானா என்று அப்பா கேட்டார், நான்தான் என்று தலையாட்டினாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் எங்களை விட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்தும் அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை, அவள் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. உன் அப்பா யாரையும் அடிக்கிறவர் இல்லை, அவர் பேசாமல் இருப்பதே அடிதான், உனக்குத் தெரியும். அந்த அடி முழுவதும் உனக்கு விழ வேண்டியது, அதை அவள் வாங்கிக்கொண்டு நின்றாள்.

நீ மறந்திருப்பாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். புது வருஷத்துக்கு வந்தபோது, பாயில் அவளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாய். "மார்க் மட்டும் இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க. வெளி வேல என்னென்ன செஞ்சேன்னு கேப்பாங்க. சுவா பொண்ணுங்க எல்லாம் டென்னிஸ் ஆடுது, கேர்ள் கைட்ஸ்ல இருக்குது, மேடையில இங்கிலீஷ்ல டிபேட் பேசுது" என்று சொன்னாய். புதனுக்குக் கைட்ஸ், வெள்ளிக்கு டிபேட், சனிக்கு டென்னிஸ் என்று நீயே எழுதிச் சுவரில் ஒட்டினாய். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேனே அண்ணா என்று அவளே சொன்னாள். அதற்கு நீ சிரித்தாய்.

மூன்று வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சங்கத்துப் பெண்கள் கூட்டத்தின் சார்பில் அவள் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றாள். நம் பக்கத்துக் கிழங்கட்டைகளுக்கு இந்தியும் அரைகுறை, இங்கிலீஷ் சுத்தமாகக் கிடையாது. எங்கே வலிக்கிறது என்று டாக்டருக்குச் சொல்ல ஆள் இல்லை, டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் ஆள் இல்லை. இவள்தான் சொல்வாள். அங்கே நின்று நின்றுதான் டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசையே அவளுக்கு வந்தது. சங்கத்துச் செக்ரட்டரி, அதைக் கடிதமாக எழுதித் தருகிறேன், விண்ணப்பத்தோடு வையுங்கள் என்று அப்போதே வீடு தேடி வந்து சொன்னார். அவர் போன பிறகு நீ என்ன சொன்னாய்? "சங்கம் பேரப் போட்டா, கிரிமிட்ல வந்த கூலி ஜனம்னு ஒதுக்கிடுவாங்கம்மா" என்றாய். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன் கேள். ஆமாம், கூலி ஜனம்தான். என் அப்பனும் ஆத்தாளும் கிரிமிட்டில், ஒப்பந்தக் கூலிகளாக, இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து, சர்தார் என்ற கங்காணியிடம் உதைபட்டுக் கரும்பு வெட்டினவர்கள். அந்தக் கூலி ஜனம் பைசா பைசாவாகப் போட்டுக் கட்டின பள்ளியில்தான் நீ எழுத்துப் படித்தாய், அதனால்தான் இன்று கவர்மெண்ட் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். அதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் அது உன் மட்டோடு இருக்கட்டும், அவள் தலையில் ஏன் கட்டினாய்?

நீ சொன்னபடி அவள் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினாள். ஏப்ரலில் பக்கத்து வீட்டு அப்பல்சாமி மாமாவின் சம்சாரம் நரசம்மா அத்தை காலில் புண்ணோடு தனியாகப் போனாள். சர்க்கரை வியாதி வேறு. இரண்டு நாளில் திரும்ப வா என்று நர்ஸ் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள், இரண்டு விரலைக் காட்டியிருக்கிறாள். அத்தை இரண்டு வாரம் என்று எடுத்துக்கொண்டாள். நர்ஸ் மேல் குற்றம் இல்லை, அத்தை மேலும் இல்லை. திரும்பப் போனபோது புண் கறுத்துவிட்டது, இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை நம் ஜான்கி வெள்ளை ஜோடு போட்டுக்கொண்டு பந்து அடித்துக்கொண்டிருந்தாள். இதை உனக்கு அப்போது எழுதவில்லை, அவள்தான் எழுத வேண்டாம் என்றாள். அத்தை வீட்டுக்கு ஓடிப் போய் அந்தக் கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை, "நீ என்ன பண்ணுவ புள்ள, நாந்தான் காது கேக்காத முண்டம்" என்று இவளைத் தேற்றினாள். எனக்கும் இதில் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். மகள் டென்னிஸ் ஆடுகிறாள் என்று கடைத்தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்லிப் பெருமைப்பட்டவள்தான் நானும். அந்த வெள்ளை ஜோட்டுக்குச் சாக்பீஸ் தேய்த்துக் கொடுத்ததும் நான்தான்.

மே மாதம் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நீ வந்தாய். முதலில் பென்சிலால் ஒரு தாளில் எழுதினாய், பிறகு சுவாவுக்குக் கொண்டுபோய் ஆபீஸ் மெஷினில் டைப் அடித்துத் தபாலில் அனுப்பினாய். கையெழுத்து மட்டும் போடு என்று எழுதியிருந்தாய். நாலு மாதம்கூடக் கைட்ஸில் இல்லாதவள் அதில் தலைவி. டென்னிஸில் பள்ளி டீம். அது போதாதென்று பியானோ வாசிப்பாள், பரீட்சைகூடத் தேறியிருக்கிறாள் என்று. ட்ராசாவில் யார் வீட்டில் பியானோ இருக்கிறது சுரேந்திரா? கரும்பு வயலிலா? இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத உன் அப்பா மகன் சொன்னான் என்று கையெழுத்துப் போட்டார். ஜான்கி படித்துப் பார்த்துவிட்டு, பியானோவைத் தொட்டதே இல்லையே அண்ணா என்று உனக்குக் கடிதம் போட்டாளாம். "யாரு டெஸ்ட் பண்ணப் போறாங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க, போடு" என்று பதில் எழுதினாயாம். போட்டாள். அது அவள் தப்பு, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

போன மாதம் சுவாவிலிருந்து மூன்று பேர் வந்து லௌடோக்காவில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், தலை நரைத்தவள், நல்லவள் போலிருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஹாலில் பியானோ இருக்கிறது, உனக்குப் பிடித்தது ஏதாவது கொஞ்சம் வாசி என்று ஆசையாகக் கேட்டாளாம். நம் பெண் எழுந்து போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாளாம். மூடியைத் திறந்தாளாம். கறுப்பும் வெள்ளையுமாக அத்தனை கட்டை, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னாளாம். எந்தப் பொண்ணுக்கும் அந்த நிலைமை வரக் கூடாது. அப்புறம் டென்னிஸ் கேட்டிருக்கிறார்கள், டீமில் இல்லை என்றாள். இதை யார் எழுதியது என்று ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். நானே எழுதினேன் என்று சொல்லிவிட்டாள். அதோடு சரி, வேறு ஒன்றும் கேட்கவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள். அவளிடம் உண்மையாக இருந்தது ஒன்றே ஒன்று, அந்த மூன்று வருஷம். அது காகிதத்தில் இல்லாததால் ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனையையும் எங்களிடம் மறைத்தாள், ஹெட்மாஸ்டர் முன்னாலும் மறைத்தாள். வெள்ளிக்கிழமை அவள் துணிப்பெட்டியைச் சுத்தம் செய்தபோது நீ பென்சிலால் எழுதின அந்தத் தாள் கிடைத்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நீ கடித உறையில் மேல்விலாசம் எழுதுகிற கை எனக்குத் தெரியாதா? நெல் புடைத்துக்கொண்டிருந்தவளை இழுத்து உட்கார வைத்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். "அண்ணன் பேரச் சொன்னா கவர்மெண்ட் வேல போயிடும்மா, ஆபீஸ் மெஷின்ல வேற அடிச்சிருக்காரு, அண்ணிக்குக் கொழந்த பொறக்கப் போவுது, நான் சின்னவதானே, எனக்கு என்ன" என்றாள். எனக்கு என்ன என்று கேட்கிறாள் பதினேழு வயதுப் பெண், தன் படிப்பையே கொடுத்துவிட்டு. தாளைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். வயலில் நின்றபடியே பார்த்தார். கத்தியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "வாம்மா ஜான்கி, சோறு போடு, பசிக்குது" என்றார். அவள் போட்டாள், சாப்பிட்டார். உன்னைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொன்னார், "அவன எழுதச் சொல்லு" என்று. அதுதான் இந்தக் கடிதம்.

நேற்று நானே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வேறு ஒருத்தர் எழுதினது என்று தெரிந்தால் வழி உண்டா என்று கேட்டேன். யார் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். எழுதின ஆள் ஒத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் தானும் ஒரு கடிதம் வைத்துச் சுவாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு மேல் அவர்கள் இஷ்டமாம், இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். கிடைக்காமல் போகட்டும், பொய்க்காரி என்ற பேராவது அவள் மேலிருந்து போக வேண்டும். சங்கத்துச் செக்ரட்டரியும் தன் கடிதத்தைத் தயாராக வைத்திருக்கிறார். ஜான்கி நேற்றிலிருந்து மறுபடி ஆஸ்பத்திரி வரிசைக்குப் போகிறாள், யாரும் மார்க் போடுவதற்காக இல்லை.

உனக்கு என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான். வேலைக்குக் கெடுதி வரலாம். பிள்ளை பிறக்கப் போகிற நேரம். நீயும் நான் பெற்றதுதானே. தங்கைக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் செய்தாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுது. டைப் அடிக்காதே, உன் கையால் எழுது. வேலை போனால் வீட்டுக்கு வா, வயலில் உனக்குக் கத்தி இருக்கிறது, அதில் ஒரு கேவலமும் இல்லை. மாதக் கடைசிக்குள் உன் கடிதம் வராவிட்டால் நானே சுவாவுக்கு பஸ் ஏறி அந்த மூன்று பேர் முன்னால் போய் நிற்பேன். ஆனால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஜான்கிதான் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டும். என் மகன் எழுதினான் என்று நான் தமிழில் சொன்னால், நான் எழுதினேன் என்றுதான் அவள் இங்கிலீஷில் சொல்வாள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

சுஷீலாவைக் கனமான வாளி தூக்க விடாதே, நவுசோரியில் அவள் அம்மா வீட்டுக்கு எட்டாம் மாதத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய் விடு. வெந்தயக் கஞ்சி கொடு. பிறக்கப் போகிற குழந்தைக்கும் அவளுக்கும் உனக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும், முருகன் கூட இருக்கட்டும். திங்கள் தபாலில் இதைப் போடுகிறேன், புதன்கிழமை உன் கையில் இருக்கும். வியாழனே எழுதிவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அங்கம்மா